பொதுத் தோட்டமும் அறிந்தோர் துணையும்

தில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பொன்றில் வாழும் நாங்கள், பொது நிலத்தில் கறிவேப்பிலையும் முருங்கையும் பயிரிட்டோம். முதல் மார்கழியிலேயே கறிவேப்பிலை மஞ்சளித்து இலை உதிர்த்தது. வாடிய செடிக்கு நீர் வார்ப்பதுதானே நம் ஊர் வழக்கம்? நாள்தோறும் வார்த்தோம். பாதிச் செடிகள் அழுகிப்போயின. ரயிலில் மடியில் வைத்துக் கொணர்ந்த கன்றும் அவற்றுள் ஒன்று.

பின்னரே தோட்டக்கலை பயின்ற ஒருவரை அழைத்தோம். அவர் இலையைப் பார்க்குமுன் வேரடி மண்ணைத் தோண்டிப் பார்த்தார். கடுங்குளிரில் கறிவேப்பிலை உறங்கும். வேர் நீரை அதிகம் உறிஞ்சாது. தேங்கும் நீர் வேரை அழுகச் செய்யும் என்றார். மண்ணைப் பரிசோதிக்கவும் சொன்னார். 1936-இல் பீகாரிலிருந்து தில்லிக்கு வந்த பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் அவ்வசதி உண்டு. காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் அது செடிக்கு எட்டாது என்பதைப் பட்டதாரிகளாகிய நாங்கள் அன்றுதான் அறிந்தோம்!

இப்போது வீட்டுக்கு வீடு சந்தா திரட்டுகிறோம். மாலிக்கு மாத ஊதியம். வல்லுநருக்கு ஆண்டில் நான்கு வருகைக்குக் கட்டணம். பின்னது வீண்செலவு என்பாரும் உளர். எனினும், குளிர் தொடங்குமுன் வருமாறு கார்த்திகையிலேயே அவருக்குக் கடிதம் எழுதிவிட்டோம்.