வளவிலே திரியும் கினிக்கோழி



திருகோணமலையின் வடபால் நிலாவெளி, குச்சவெளிப் பகுதிகளிலே வெங்காயமும் கச்சானும் செய்கைபண்ணும் சிறு கமக்காரருட் சிலரேனும் கினிக்கோழி வளர்க்க விரும்பலாம். அவர்களுக்கு இரண்டொரு செய்திகள் கூற எண்ணுகின்றேன்.

ஆபிரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட இப்பறவை, நாட்டுக்கோழியைப்போல் நிலத்தைக் கிளறிப் பாத்தியைப் பாழாக்குவது குறைவு. வெட்டுக்கிளி, வண்டு, உண்ணி முதலியவற்றைத் தேடித் தின்னும். அந்நியரையோ பாம்பையோ கண்டால் கூட்டமாய்க் கூச்சலிடும். அக்கூச்சல் காவலுக்கு நன்று. அயல்வளவாரின் உறக்கத்துக்கு அவ்வளவு நன்றன்று. துறைமுகத்தை அண்டி, வேலியோடு வேலி நெருங்க வாழ்வோர் இதனை முன்கூட்டியே எண்ணிக்கொள்ளல் வேண்டும். தோற்றத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றே. இரட்டை அசையாக மீண்டும் மீண்டும் கூவுவது பேடு. சேவலுக்கு அது வாராது.

இவ்வளர்ப்பிலே நட்டம் நேர்வது பெரும்பாலும் குஞ்சுப் பருவத்திலேதான். பேடு பற்றையுள் மறைவாக முட்டையிட்டு அடைகிடக்கும். பொரித்தபின் விடியற்பனி படிந்த புல்லினூடே குஞ்சுகளை இழுத்துக்கொண்டு திரியும். ஈரமும் குளிருமே குஞ்சுகளுக்கு எமன். ஆகவே முட்டைகளை எடுத்து நாட்டுக்கோழியிடம் அடைவைத்தலே தக்கது. கோழிமுட்டை பொரிக்க 21 நாள். இதற்கோ 26 முதல் 28 நாள் செல்லும். ஆதலால் அப்பொழுதுதான் அடைக்கு அமர்ந்த கோழியைத் தெரிந்தெடுங்கள். இருவகை முட்டைகளையும் கலந்து வைத்தால், தன் குஞ்சுகள் வெளிவந்ததும் தாய்க்கோழி எழுந்துவிடும், எஞ்சியவை கூழ்முட்டையாகும்.

காலமும் பார்த்தல் வேண்டும். நம் பகுதியிலே ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றும் மாரியும். ஆனிக்குள் அடைவைத்தால், கச்சான் வீசும் வறண்ட நாட்களிலே குஞ்சுகள் பொரித்து, மழை தொடங்குமுன் இறகு முற்றிவிடும். (நான் கூறுவது காற்றுக் கச்சானை, தோட்டத்துக் கச்சானையன்று.) பிந்தி அடைவைத்தவர், கொட்டிலுக்குள்ளே உலர்ந்த உமி பரப்பிச் சூடும் கொடுத்துக் காக்க நேரும்.

கினிக்குஞ்சுக்குக் கோழிக்குஞ்சினும் மிகுதியாகப் புரதம் வேண்டும். கறையான் புற்றை வெட்டிப் போடுதல் நம்மவர் கைகண்ட வழி. தண்ணீரைத் தட்டையான பாத்திரத்திலே, கூழாங்கற்கள் இட்டு வையுங்கள்; சிறு குஞ்சுகள் ஆழமான நீரில் மூழ்கி இறந்துவிடும்.

வளர்ந்தவை இரவிலே மரமேறி உறங்கவே விரும்பும். மாலைதோறும் கிடுகுக் கொட்டிலினுள்ளே ஒருபிடி சோளம் தூவிவந்தால் நாளடைவில் உள்ளே வந்து அடையும். புதிதாக வாங்கிய பறவைகளை மட்டும் சில கிழமைகள் அடைத்தே வைத்திருங்கள். வந்த அன்றே திறந்துவிட்டால் உங்கள் வளவிலும் நில்லா. விற்றவர் வளவுக்கும் திரும்பா.