ஒரு சொல்லும் ஒரு மேசையும்: ‘செக்’ என்னும் ஆங்கிலச் சொல்லை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி



  

நான் எடுத்துக்கொண்ட பிரச்னை இங்கே அமர்ந்திருப்பவர்களுள் பலருக்குப் புதியதன்று. ஆசிரியர் அறையிலும் பாடத்திட்டக் குழுவிலும் நெடுங்காலமாக நடந்துவரும் வாதத்தின் தொடர்ச்சியே இது. ‘செக்’ என்றால் சதுரங்கத்தில் அரசனுக்கு நேரும் நெருக்கடி, தடை, சரிபார்த்தல், கட்டம் போட்ட துணி, வங்கியின் மீது எழுதும் பணச் சீட்டு, அமெரிக்க உணவு விடுதியில் சாப்பிட்டு முடித்தபின் வரும் பில். இத்தனை அர்த்தங்களும் ஒரே சொல்லினுடையவையா, அல்லது ஒலியால் ஒன்றுபட்ட பல சொற்களா என்பதே கேள்வி. அகராதி பல தலைப்புகளாகப் பிரித்திருப்பதால் இவை வெவ்வேறு சொற்களே என்பார் ஒரு சாரார். மூலச் சொல் பாரசீகத்து ‘ஷா’, அதாவது அரசன். அவ்வேரை அறிந்துவிட்டால் எல்லா அர்த்தமும் தானே விளங்கும் என்பார் மற்றொரு சாரார். இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. ஒரு சொல் எந்தக் கருவியோடும் எந்தத் தொழிலோடும் எந்த மனிதர்களின் கைகளோடும் பழகிற்றோ, அந்தப் பழக்கமே அதற்கு அர்த்தத்தைக் கொடுக்கிறது என்பது என் சித்தாந்தம். மொழியறிஞர்களாகிய ஹூகோ ஷூஹார்ட்டும் ருடால்ப் மெரிங்கரும் வற்புறுத்திய வழி இதுதான். மெரிங்கரும் அவருடைய தோழர்களும் 1909-இல் தொடங்கிய பத்திரிகைக்குச் ‘சொற்களும் பொருள்களும்’ என்றே பெயரிட்டார்கள்.

வேர்ச்சொல் வாதிகளுக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுச் சதுரங்கம் பாரசீகத்தில் ‘சத்ரங்’ ஆயிற்று. அரபியர் வாயில் ‘ஷத்ரஞ்ஜ்’ ஆயிற்று. அரசனுக்கு ஆபத்து நேரும்போது ஆடுபவன் ‘ஷா’ என்று எச்சரிப்பான். அந்தக் கூவலே இடைக்கால இலத்தீனில் ‘ஸ்காக்குஸ்’ என்றும், பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்றும் திரிந்து ஆங்கிலத்தில் ‘செக்’ என்று நின்றது. அதன் பன்மை வடிவமே ஆட்டத்தின் பெயராகிய ‘செஸ்’. ‘ஷா’ என்பதும் ஸம்ஸ்கிருதத்து ‘க்ஷத்ர’ என்பதும் ஒரே குலத்துச் சொற்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உறவு இரத்த சம்பந்தத்தைக் காட்டுமே அன்றி ஜீவனத்தைக் காட்டாது. அரசன் என்னும் அர்த்தம் பிரெஞ்சு எல்லையைத் தாண்டுமுன்பே உதிர்ந்துவிட்டது. ‘செக்’ என்று கூவிய ஆங்கிலேயனுக்கு அதில் ஓர் அரசன் ஒளிந்திருந்தான் என்பதே தெரியாது. தெரியாத வேர் அர்த்தத்தை எவ்வாறு வளர்க்கும்?

இனி நான் பெரிதும் மதிக்கும் உதாரணத்திற்கு வருகிறேன். இங்கிலாந்தின் அரசாங்கக் கருவூலத்திற்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர்; சதுரங்கப் பலகையைக் குறிக்கும் ‘எஸ்செக்கியே’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லே அது. முதலெழுத்தை இலத்தீன் முன்னொட்டாகப் பிழைபட உணர்ந்து ‘எக்ஸ்’ என்று திருத்திவிட்டவர்கள் பின்வந்தவர்கள். இக்கருவூலம் எப்படி நடந்தது என்பதை, இரண்டாம் ஹென்றியின் பொருளாளராக இருந்து 1189-இல் இலண்டன் மேற்றிராணியாரான ரிச்சர்டு பிட்ஸ்நீல், ஆசிரியனும் மாணவனும் உரையாடும் முறையில் ஒரு நூலாக எழுதி வைத்திருக்கிறார். 1170-களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கிய அந்நூலைப்போல், ஓர் அலுவலகத்தை அதற்குள்ளேயே வாழ்ந்தவர் நமக்குத் திறந்து காட்டும் நூல் அக்காலத்தில் வேறொன்றில்லை.

கருவூலத்தின் நடுநாயகம் ஒரு மேசை. நீளம் சுமார் 10 அடி, அகலம் 5 அடி. வைத்தது எதுவும் உருண்டு கீழே விழாதபடி நான்கு பக்கமும் நான்கு விரற்கடை உயரத்திற்கு விளிம்பு. அதன்மேல் ஈஸ்டர் தவணையில் வாங்கிய கறுப்புத் துணி. அந்தத் துணியில் ஓர் அடிக்கு அல்லது ஒரு சாணுக்கு ஒன்றாகக் கோடுகள். வலக்கோடியில் பென்னி, அடுத்து ஷில்லிங், அடுத்து பவுன், பிறகு இருபதிருபது பவுன், நூறு, ஆயிரம் என்று பத்திகள் இடப்பக்கமாக ஏறிச் செல்லும். கணக்கிடுபவர் எல்லோர் கண்ணிலும் படும்படி மேசையின் நடுப்பகுதியில் அமர்ந்து, காசுகளையே எண்காய்களாக வைத்து நகர்த்துவார். வரவேண்டிய தொகை மேல் வரிசையில். வந்து சேர்ந்த தொகை கீழ் வரிசையில். இரண்டையும் நேருக்கு நேர் வைத்துக் கழித்தால் மிஞ்சுவது பாக்கி. இலத்தீன் எழுத்தறியாத பிரபுவும் தன் கண்ணாலேயே கண்டு நிச்சயித்துக் கொள்ளத்தக்க கணக்கு அது. மாவட்ட அதிகாரியாகிய ஷெரீப் ஈஸ்டர், மைக்கேல்மஸ் ஆகிய இரு தவணைகளிலும் வந்து அந்த மேசைக்கு முன் உட்கார்ந்தாக வேண்டும்.

அந்நூலில் மாணவன் கேட்கிறான்: இதற்கு ஏன் சதுரங்கப் பலகை என்று பெயர்? வடிவ ஒப்புமையால், என்கிறார் ஆசிரியர். மாணவன் அதோடு விடுவதில்லை. வேறு ஆட்டப் பலகைக்கும் அந்த வடிவம் உண்டே என்று தடுக்கிறான். அப்போதுதான் ஆசிரியர் உள்ளே கிடக்கும் காரணத்தை வெளியிடுகிறார். பலகையில் இரண்டு அரசர்கள் பொருதுவதுபோல இந்த மேசையில் பொருளாளரும் ஷெரீப்பும் பொருதுகிறார்கள். மற்றவர்கள் நடுவர்களாக வீற்றிருந்து பார்க்கிறார்கள். அன்பர்களே, 12-ஆம் நூற்றாண்டில் அம்மேசையருகே வாழ்ந்தவர் தந்த சாட்சியத்திற்கு மேல் எனக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்? ஒருவன் சொல்வதை மற்றொருவன் தடுத்து நிறுத்தி எதிர்க்கணக்கோடு ஒப்பிட்டுத் தீர்க்கும் செயல் அங்கே ஆண்டுதோறும் நடந்தது. தடுத்தல், சரிபார்த்தல் என்று அகராதி தனித்தனியே எண்ணும் இரண்டும் அந்த மேசைமேல் ஒரே செயலாக இருந்தன.

அந்த ஒப்பீட்டிற்குச் சாதனமாக இருந்தது வெட்டுக்குச்சி. பணம் பெற்றதற்கு அடையாளமாக ஒரு குச்சியில் வெட்டுகள் இட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் செலுத்தியவனுக்குக் கொடுத்து மறுபாதியைக் கருவூலம் வைத்துக்கொள்ளும். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கைப் பருமன் வெட்டு; நூற்றுக்குக் கட்டைவிரல் பருமன்; இருபதுக்குச் சுண்டுவிரல்; ஒரு பவுனுக்கு முற்றிய வாற்கோதுமை மணி அளவு; ஷில்லிங்குக்கு அதனினும் சிறிது; பென்னிக்கு மரத்தைச் செதுக்கி எடுக்காமல் ஒரே கீறல். இரு பாதிகளையும் சேர்த்து வைத்தால் வெட்டுக்கு வெட்டு பொருந்த வேண்டும். ஒருவன் தன் பாதியில் ஒரு வெட்டைக் கூட்டினாலும் மறுபாதி அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். 1826-இல் இம்முறை ஒழிந்தது. மிஞ்சிய குச்சிகளை 1834 அக்டோபர் 16-ஆம் தேதி பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் இட்டு எரித்தபோது மூண்ட தீயில் பாராளுமன்றக் கட்டடமே வெந்து போயிற்று.

இங்கேதான் காசோலை வருகிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்பது பணச் சீட்டை அன்று, அச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தபின் கொடுத்தவரிடமே நிற்கும் அடிக்கட்டையையே குறித்தது. மோசடியைத் தடுப்பதும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதன் தொழில். குச்சியின் மறுபாதி காகித உருவம் கொண்டது என்றே நான் கொள்கிறேன். பெயர் பின்னர் அடிக்கட்டையிலிருந்து சீட்டுக்கே தாவிற்று. ஆங்கிலேயர் அதை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதத் தலைப்பட்டதும் ‘எக்ஸ்செக்கர்’ என்ற சொல்லின் செல்வாக்கினால்தான். அமெரிக்கர் பழைய எழுத்துக்கூட்டலிலேயே நின்றுவிட்டனர். ஆகவே எழுத்து வேறாதலால் சொல்லும் வேறு என்று வாதிக்கும் நண்பர்கள், அந்த வேற்றுமை எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சற்றே விசாரித்திருக்க வேண்டும். ‘கண்ட்ரோல்’ என்னும் சொல்லும், ஒரு கணக்குச் சுருளுக்கு எதிராக வைத்த மறுசுருளிலிருந்தே பிறந்தது என்பதை அவர்கள் நினைவுக்குக் கொண்டுவருகிறேன்.

கட்டம் போட்ட துணியைப் பற்றி நெடுக விவரிக்க வேண்டுவதில்லை. பலகையின் தோற்றத்திலிருந்து வந்த பெயர் அது. வேட்டைப் பருந்து தன் இரையை விட்டு வேறு அற்பப் பறவையின் பின் திரும்புவதையும் ‘செக்’ என்றனர். ஆட்டத்திலிருந்து வேட்டைக்கு அச்சொல் சென்ற பாதை தனி ஆராய்ச்சிக்கு உரியது. அமெரிக்க விடுதிப் பில்லும் அவ்வாறே.

நேரம் நெருங்கிவிட்டபடியால், இளம் ஆராய்ச்சியாளர் மேற்கொள்ள வேண்டிய சிலவற்றைக் குறிப்பிட்டு முடிக்கிறேன். இச்சொல் தமிழுக்குள் வந்தபின் நடந்தது என்ன என்பதை எவரேனும் எழுத வேண்டும். ‘அவனுக்குச் செக் வைத்துவிட்டார்கள்’ என்று அரசியல் பேசுகிறவரும், பஸ்ஸில் ‘செக்கிங் வந்துவிட்டது’ என்று டிக்கெட்டைத் தேடுகிறவரும், ‘செக் பாஸாகிவிட்டதா’ என்று வங்கியில் விசாரிக்கிறவரும் அதை எந்தெந்த வாயிலாகப் பெற்றார்கள் என்பது ஆராயத்தக்கது. சென்னையின் பெயராலேயே வெளிநாடுகளில் விலைபோன கட்டத் துணியின் வியாபாரக் கடிதங்களையும், பழைய ஜமீன் கணக்குகளில் எதிர்க்கணக்கு வைத்த முறையையும் தேடிப் பார்க்கலாம். ஊர்க்கடைகளில் பால்காரரும் வண்ணாரும் சுவரில் கோடிட்டு வைத்த கணக்கைப் பற்றிய செய்திகளையும், அவற்றை நேரில் கண்ட முதியோர் இருக்கும்போதே கேட்டுத் தொகுத்துவிடுவது அவசியம்.