தரச் சொன்னாரா, கொடுக்கச் சொன்னாரா?



கொரிய மொழி பயிலும் என் மாணவி ஒருத்தி அண்மையில் ஓர் ஐயத்தோடு வந்தாள். கொரியர், 'கொடுங்கள்' என நேரில் வேண்டும்போது 'ஜுசெயோ' என்கின்றனர். அதனைப் பிறரிடம் எடுத்துரைக்கும்போது மட்டும் சொல் இரண்டாகப் பிரிகிறது. கேட்டவர் தமக்கே கேட்டிருந்தால் 'தல்லாகோ'. மூன்றாமவர்க்குக் கொடுக்குமாறு கேட்டிருந்தால் 'ஜுராகோ'. ஈற்றிலுள்ள 'கோ' நம் 'என்று' போன்றது. "ஏன் அம்மா இப்படி இரண்டு வழி?" என்றாள்.

தொல்காப்பியத்தைத் திறந்து காட்டினேன். தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கு உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்கிறது கிளவியாக்கம். நம் ஊர்ப் பூட்டுக்கடை முதலாளி, பூட்டைத் தம் கையில் கேட்டால் 'தா'. வாடிக்கையாளரிடம் சேர்ப்பிக்கச் சொன்னால் 'கொடு'. மலையாளத்தில் இவ்வேறுபாடு இன்றும் உயிரோடிருக்கிறது. நாமோ பேச்சில் பெரும்பாலும் இரண்டையும் 'குடு' என்றே முடித்துவிடுகிறோம்.

'தா', 'தல்' என்னும் ஒலியொப்புமை கண்டு உறவு கொண்டாட வேண்டா. 1905இல் ஹோமர் ஹல்பர்ட் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூலே எழுதினார். மொழியியலார் அவ்வுறவை ஏற்கவில்லை. யார் கைக்கு என்னும் வினா இரு மொழிக்கும் முதன்மையாகப் பட்டிருக்கிறது. எனக்கு அதுவே போதும்.

எச்சவியல் இன்னும் நுட்பமானது. ஈ என்பது தாழ்ந்தோன் இரக்கும் சொல். தா, ஒத்தோன் சொல். கொடு, உயர்ந்தோன் சொல். எடுத்துரைப்பவர் கையில் இவ்வடுக்கு எளிதில் குலையும். கொரியத்திலும் 'செயோ' என்னும் பணிவு ஈறு எடுத்துரைப்பில் உதிர்ந்துவிடுகிறது.

இதை நான் பட்டறிந்தேன். எங்கள் இல்லத்தில் பணிபுரிந்த மூதாட்டி ஒருவர், "கொஞ்சம் முன்பணம் தாங்கம்மா" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கணவரிடம் சென்று, "அந்தம்மா முன்பணம் குடுக்கச் சொல்றாங்க" என்றேன். அவர் முகம் கறுத்தது. "சொல்றாங்களா?" என்றார். முனைவர் பட்டம் பெற்ற நாவு, ஓர் இரத்தலைக் கட்டளையாக்கிவிட்டது. அடுக்களை வாயிலில் அம்மூதாட்டி நின்றிருந்தார். அவர் காதிலும் அது விழுந்திருக்கும்.

திரும்பிச் சென்று, அவர் சொன்ன சொல்லையே சொன்னேன்: "'தாங்கம்மா'ன்னு கேட்டாங்க."

பணம் உடனே வந்தது. மூதாட்டி வாங்கிக்கொண்டார், என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.