உள்ளானும் கௌதாரியும்



ஒரு மாரிகாலத்துக் காலைப்பொழுதில், என் மாணாக்கன் ஒருவன் கண்ணியில் அகப்பட்ட உள்ளான் ஒன்றை உயிருடன் பாடசாலைக்குக் கொண்டுவந்தான். களுவாஞ்சிக்குடிக்கு மேற்கே, வாவிக்கு அப்பால், படுவான்கரை வயலிற் பிடித்தது அது. "ஐயா, இதன் கூடு எங்கே இருக்கும்?" என்று வினவினான். "சைபீரியாவில்" என்றேன். வகுப்பே நகைத்தது.

நான் கூறியது வேடிக்கையன்று. நம் வயல்களில் மிகுதியாகக் காணப்படும் ஊசிவால் உள்ளான், வடக்கே சைபீரியச் சதுப்புகளிலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது. புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் இங்கு வந்து, சித்திரையளவில் மீளும். நாம் பெரும்போகத்துக்கு வயலை உழுது சேறாக்கும் காலமே அதன் விருந்துக்காலம்.

அப்பறவையைக் கையில் ஏந்தியபோது, இளமையில் ஊவா மலைநாட்டிற் கண்ட வேறொரு பறவை என் நினைவுக்கு வந்தது. அது வண்ணக் கௌதாரி. இலங்கையில் ஊவாவின் புல்மலைகளையே அது பெரிதும் தன் வாழிடமாகக் கொண்டது. இங்குள்ளதனைத் தனிக் கிளையினமாக 1880ஆம் ஆண்டில் வின்சென்ட் லெக் என்னும் பறவை நூலார் விவரித்தார்.

இரண்டும் நிலத்தில் வாழ்வன. இரண்டும் வேட்டைக்காரர் விரும்பித் தேடியவை. ஆயினும் சேறு ஒன்றை உருவாக்கியது; மலைப்புல் மற்றொன்றை உருவாக்கியது. உள்ளானின் அலகு நீண்டு நேரானது. அதன் நுனி உணர்ச்சி மிக்கது. சேற்றுக்குள் இருந்தபடியே நுனியை மட்டும் திறந்து புழுவைப் பற்றவல்லது. கௌதாரியின் அலகோ குட்டையும் தடிப்புமானது; விதையும் கறையானும் பொறுக்க ஏற்றது. கடல் கடக்கும் உள்ளானுக்குக் கூரிய நீண்ட சிறகு. ஓடி ஒளியும் கௌதாரிக்கு வட்டமான குறுஞ்சிறகும் வலிய காலும்.

உள்ளானின் முதுகில் வைக்கோல் நிறக் கோடுகள். கௌதாரியின் மார்பில் கருமையிடையே வெண்புள்ளிகள். புல்லின் நிழலில் ஒளிபட்டாற் போன்றவை. ஆபத்து நெருங்கினால் உள்ளான் அசையாது பதுங்கும். காலடியிலிருந்து திடீரென எழுந்து வளைந்து வளைந்து பறக்கும். அதனைச் சுடுவது அரிது. 'ஸ்னைப்' எனப்படும் இப்பறவையைச் சுடுவதிலிருந்தே 'ஸ்னைப்பர்' என்னும் சொல் பிறந்தது. அச்சொல் பின்னாளில் நமக்கு வேறு பொருளில் அறிமுகமாயிற்று. கௌதாரியோ காலையில் ஒரு பாறைமேல் ஏறிக் குன்றெல்லாம் கேட்கக் கூவும். கூவிய இடத்திற் கண் தேடுமுன் புல்லுள் மறைந்துவிடும்.

நேயர்களே, மறைந்திருப்பதே இவற்றின் அரண். அவ்வரணோ பறவையிடம் இல்லை, நிலத்திடம் இருக்கின்றது. கண்ணி ஒரு பறவையைக் கொல்லும். சதுப்பைத் தூர்ப்பதும், வயலில் அளவின்றி நஞ்சு தெளிப்பதும், புல்மலைக்குத் தீயிடுவதும் பறவையின் வீட்டையே அழிக்கும். ஊவாவின் புல்வெளிகள் பல தேயிலைக்கும் பைன், யூக்கலிப்டஸ் மரங்களுக்கும் இடங்கொடுத்துவிட்டன. கௌதாரி நெடுந்தூரம் பறக்கும் பறவையன்று. தன் மலையை இழந்தால் அது எங்கே போகும்?

உள்ளான் வழிப்போக்கன்தானே, வேறிடம் செல்லட்டும் எனலாம். ஒவ்வோர் ஊரும் அவ்வாறே கூறின், அதற்கு இறங்குமிடம் ஏது?

அன்று மாலை அம்மாணாக்கனும் நானும் அப்பறவையை வாவியோரத்தில் விட்டோம். சிறிதுநேரம் அது சேற்றோடு சேறாய்க் கிடந்தது. பின் கரகரத்த குரலொன்றை எழுப்பி மேற்கே பறந்தது. "ஐயா, அடுத்த மாரிக்கும் வருமா?" என்றான் பையன்.

"வயல் வயலாக இருந்தால் வரும்" என்றேன். மறுநாள் தன் கண்ணிக் கயிறுகளையெல்லாம் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அவன் செய்யவேண்டியதை அவன் செய்துவிட்டான். எஞ்சியது நம் பொறுப்பு.