அழைத்தவர் அவையில் உண்மை உரைத்த மருத்துவர்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமூகநல அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பால்குடம் ஏந்திப் பக்தர்கள் வலம் வந்த இத்திருநாளில், பாலைப் பற்றியதொரு வரலாற்றை இவ்வவையில் எடுத்துரைப்பது பொருத்தமாகவே அமையும். சமூகச் சேவைச் சங்கம் ஒன்றின் கூட்டத்திற்கு விருந்தினராக அழைக்கப்பெற்ற ஒரு பெண் மருத்துவர் ஆற்றிய உரையின் வரலாறு அது. இடம் சிங்கப்பூர், ஆண்டு 1939.

சேவைச் சங்கம் என்றதும் இரத்த தான முகாமும், முதியோர் இல்லத்திற்கு வழங்கும் அரிசி மூட்டைகளும், சக்கர நாற்காலியை ஒப்படைக்கும் புகைப்படமும் பலருக்கு நினைவில் எழும். இவையெல்லாம் நற்பணிகளே. ஆயினும், ரோட்டரி சங்கம் என்னும் இயக்கம் தோன்றியபோது அதற்கு உயிர்நாடியாய் விளங்கியது உறுப்பினர்கள் தவறாது கூடிய கூட்டமேயாகும். 1905 பிப்ரவரி 23-ஆம் நாள் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தம் நண்பர்கள் மூவருடன் கூடினார். ஒருவர் அலுவலகத்திற்குப்பின் மற்றொருவர் அலுவலகம் எனச் சுழன்று சுழன்று கூடியமையால் சுழற்சியைக் குறிக்கும் அப்பெயர் அமைந்தது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒருவர் என்ற முறையில் உறுப்பினரைச் சேர்த்தனர். கனடாவின் கால்கரி நகரத்து அன்பர் ஜேம்ஸ் டேவிட்சன் 1928-இல் புறப்பட்டுக் கிழக்கு நாடுகளெங்கும் அலைந்து இவ்வியக்கத்தை விதைத்தார். சிங்கப்பூர்ச் சங்கம் 1930-இல் தோன்றியது.

வாரம் ஒரு கூட்டம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது கூட்டங்கள். கூட்டந்தோறும் ஒரு விருந்தினர் பேசவேண்டும். ஐம்பது பேச்சாளரைத் தேடிப் பிடிக்கும் செயலாளரின் துன்பத்தை ஆலயக் குழுக்களில் பணியாற்றியோர் நன்கு அறிவர்! வந்தவர் பேசுவார், கூடியிருப்போர் உண்ட களைப்பில் கேட்பர், ஒருவர் எழுந்து நன்றி நவில்வார், அனைவரும் அலுவலகம் திரும்புவர். பெரும்பாலான உரைகள் அத்துடன் முடிந்துபோயின. ஓர் உரை மட்டும் அவ்வாறு முடியவில்லை.

அதனை நிகழ்த்தியவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். 1893-இல் ஜமைக்காத் தீவில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் மருத்துவம் பயின்றவர். பெண்களுக்கு மருத்துவக் கல்வி எளிதில் கிட்டாத காலம் அது. முதல் உலகப் போரினால் ஆண் மாணவர் குறைந்தமையால் அவருக்குக் கதவு திறந்தது. 1929-இல் அவர் பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டு மருத்துவப் பணியில், இன்று கானா என வழங்கும் மேற்கு ஆப்பிரிக்க நாட்டிற்கு அனுப்பப்பட்டார்.

அங்கே ஒரு வயது கடந்த குழந்தைகள் கால் வீங்கி, மேனி நிறம் மாறி, தோல் உரிந்து மாண்டுபோவதைக் கண்டார். ஊர்ப் பெண்கள் அந்நோய்க்கு ஏற்கனவே ஒரு பெயர் வைத்திருந்தனர்: 'குவாஷியோர்கர்'. அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்மடியிலிருந்து விலக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. தாய்ப்பாலை இழந்து மக்காச்சோளக் கஞ்சியை மட்டுமே உண்ணும் குழந்தைக்குப் புரதச் சத்துக் குறைவதே காரணமென அவர் கருதினார். 1933-இல் அந்நோயை மருத்துவ ஏட்டில் விவரித்து, 1935-இல் அப்பெண்கள் வைத்த பெயரையே மருத்துவ உலகிற்கு அறிமுகம் செய்தார். தமிழ்த் தாய்மார்க்கு இது புதிய செய்தியன்று. அடுத்த பிள்ளை பிறந்தமையால் பால் இழந்து மெலியும் குழந்தையைச் 'சவலை' என்று தமிழ் எத்தனையோ காலமாகச் சொல்லி வருகின்றது. படித்த மருத்துவர்கள் பலர் பொருட்படுத்தாத பாமரப் பெண்களின் சொல்லுக்கு அவர் செவிசாய்த்தார் என்பதே அவருடைய தனிச்சிறப்பு.

1936-இல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரி மாணவர்க்குப் பாடம் நடத்தியதோடு, நெருக்கடி மிகுந்த குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகளின் குழந்தைகளையும் கவனித்தார். ஆங்கே அவர் கண்டது வேறொரு கொடுமை. செவிலியர்போல் உடையணிந்த பெண்கள், பால் நிறுவனங்களின் சார்பில், பிள்ளை பெற்ற வீடுகளுக்குச் சென்று இனிப்பூட்டிய டின் பாலே குழந்தைக்குச் சிறந்தது எனப் பரப்பி வந்தனர். வெள்ளைச் சீருடையைக் கண்ட தாய் அதனை மருத்துவமனையின் அறிவுரை என்றே நம்பினாள்.

அப்பாலின் தன்மையைச் சற்றே விளக்க வேண்டும். தேநீரில் கலக்கும் அந்தக் கெட்டிப் பாலில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு சர்க்கரையே. குழந்தை குடிக்குமளவு நீர் சேர்த்தால் புரதமும் கொழுப்பும் மிகவும் குறைந்துவிடும். கொழுப்பு நீக்கிய பாலாயின் கண்ணுக்குக் காவலான வைட்டமின் ஏ சத்தும், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி சத்தும் இரா. கலக்கும் நீரும் புட்டியும் தூய்மையற்றவையாயின் வயிற்றுப்போக்கு உடன் வரும். டின்னின் விலையோ கூலிக்காரர்க்கு எட்டாதது. எனவே ஒரு வாரப் பாலை இரு வாரத்திற்கு நீட்டுவர். இதற்கிடையே தாய்ப்பாலும் வற்றிவிடும். குழந்தை சப்பச் சப்பவே பால் சுரக்கும். புட்டி புகுந்தால் மடி வறண்டுபோகும். பின்னர் தவற்றை உணர்ந்தாலும் திரும்பும் வழி அரிது.

மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களின் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து மரம் சீவச் சென்ற தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்ல நேர்ந்தது. அங்கே அவளுக்குத் தாய்ப்பாலின் பெருமையை எடுத்துச் சொல்வது எளிது. பாலூட்டுவதற்கு நேரம் கொடுப்போர்தாம் இலர். ஆதலால் தாயைக் குறைகூறுவதில் நியாயமில்லை. டாக்டர் வில்லியம்ஸும் தாய்மாரைக் குறைகூறவில்லை. பொய்யுரைத்து விற்றவர்களையே அவர் கூண்டில் நிறுத்தினார்.

இந்நிலையிற்றான் ரோட்டரி சங்கம் அவரைப் பேச அழைத்தது. பெண்கள் அச்சங்கத்தில் உறுப்பினராக இயலாத காலம். அவ்விதி உலக அளவில் நீங்கியது 1989-இல்தான். உறுப்பினராய் அமர இயலாத பெண் ஒருவர் விருந்தினராய் நின்றார். எதிரே வணிகரும் அதிகாரிகளும் அமர்ந்திருந்தனர். சங்கத்தின் தலைவரே பால் நிறுவனம் ஒன்றின் தலைவராகவும் இருந்தார் என அவ்வுரையின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். வேறொருவராயின் பிள்ளை வளர்ப்பைப் பற்றி இனிய சொற்கள் நான்கைக் கூறி அமர்ந்திருப்பார். அவரோ தம் உரைக்கு 'பாலும் கொலையும்' என்றே தலைப்பிட்டார். தகாத பாலைக் கொடுத்ததனால் நாள்தோறும் குழந்தைகள் மாள்வதைத் தாம் கண்டதாக எடுத்துரைத்தார். குழந்தை உணவு குறித்துத் தவறான பிரசாரம் செய்வோரை அரசுக்கு எதிரான குற்றம் புரிந்தாரைப் போலத் தண்டிக்க வேண்டும் என்றும், அவ்விறப்புகளைக் கொலையாகவே கொள்ளவேண்டும் என்றும் அழுத்தந்திருத்தமாகக் கூறினார்.

அழைத்தவர் அவையில் அமர்ந்து, அவர் அளித்த உணவை உண்டு, அவர் முகத்துக்கு நேரே அவர் வாணிபத்தின் கேட்டை எடுத்துரைப்பது எளிய செயலன்று. அதே வேளையில், அத்தகையவருக்கு மேடை அமைத்துக் கொடுத்ததும் அச்சங்கமே என்பதை மறத்தலாகாது. இக்காலத்தில் சங்கமாயினும் ஆலயமாயினும், சிறப்பு விருந்தினர் பட்டியலை வரையும்போது நன்கொடையின் அளவு முதலில் பார்க்கப்படுகின்றது. பேசவிருக்கும் பொருள் அழைப்பிதழ் அச்சேறும் தறுவாயில்தான் நினைவுக்கு வருகின்றது. மாலையும் பொன்னாடையும் முடிந்தபின் எஞ்சும் பத்து நிமிடத்தில் புகழுரையைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. நகரில் எந்நோய் பரவுகின்றது, எச்சிறுவர் பள்ளியைவிட்டு நிற்கின்றனர் என அறிந்த தாதியோ ஆசிரியரோ பார்வையாளர் வரிசையின் இறுதியில் பேசாது அமர்ந்திருப்பதும் உண்டு.

1939-இல் அவர் பேசிய மறுநாளே டின் பால் விற்பனை நின்றுவிடவில்லை. போர் மூண்டது. 1941 இறுதியில் ஜப்பானியர் படையெடுத்தபோது திரங்கானுவில் பணியாற்றிய அவர் காட்டுவழியே தப்பிச் சிங்கப்பூர் வந்தடைந்தார். அங்கே சிறைப்பட்டுச் சாங்கி முகாமில் அடைக்கப்பட்டார். 1943-இல் ஜப்பானிய இராணுவப் போலீசார் அவரைக் கொண்டுசென்று, மாண்டுகொண்டிருந்த கைதிகளோடு கூண்டில் பல மாதங்கள் அடைத்து வைத்தனர். பட்டினியும் பெரிபெரி நோயும் வாட்டிய அச்சிறை முகாமில் இருபது குழந்தைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பாலே குடித்தன, இருபதும் பிழைத்தன. டின் பால் நுழைய வழியற்ற சிறையில், எலும்பும் தோலுமாய் இருந்த அன்னையரே தம் மக்களைக் காத்தனர் என்பதைப் பிற்காலத்தில் அவர் தம் வாதத்திற்குச் சான்றாக எடுத்துக்காட்டுவதுண்டு.

விடுதலைக்குப்பின், 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் இயக்குநரானார். 1981-இல் அந்நிறுவனத்தின் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் உணவுகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் நெறிமுறையை ஏற்றது. ஆதரவு 118 வாக்குகள். எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. செவிலியர் உடையணிந்து வீடுவீடாகச் செல்லும் வகை விற்பனைத் தந்திரங்களுக்கு அந்நெறிமுறையில் இடமில்லை. சிங்கப்பூர்க் கூட்டத்தில் அம்மருத்துவர் நீதி கேட்டு நாற்பத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

அவ்வுரை மீண்டும் அச்சேறியது நம் பினாங்கில்தான். பன்னாட்டுப் பயனீட்டாளர் சங்கங்களின் அமைப்பு, பினாங்கிலிருந்த தன் வட்டார அலுவலகத்தின் வழி 1986-இல் அதனைச் சிறு நூலாக வெளியிட்டது. 1991-இல் தாய்ப்பால் ஊட்டலை வளர்க்கும் உலகக் கூட்டணியொன்று தோன்றி, அதன் செயலகமும் பினாங்கிலேயே அமைந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் ஏழு நாட்களை உலகத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடும் வழக்கத்தை அக்கூட்டணியே தொடங்கியது. முதல் வாரம் 1992 ஆகஸ்டில் நடைபெற்றது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அவ்வாண்டு ஜூலையில், தம் தொண்ணூற்றெட்டாம் வயதில், ஆக்ஸ்போர்டில் காலமானார்.