நிவாரண நிதியும் நால்வகைத் தானமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இயற்கையின் சீற்றம் தமிழ்ச் சமணருக்குப் புதிய செய்தியன்று. மயிலாப்பூரில் முற்காலத்தில் நேமிநாதர் ஆலயம் விளங்கிற்று. அவிரோதி ஆழ்வாரின் திருநூற்றந்தாதி அப்பெருமானைப் போற்றி எழுந்ததே. கடல் கரையை அரித்தபோது திருவுருவத்தை மேல்சித்தாமூருக்கு எழுந்தருளச் செய்தனர் என்பது வழிவழி வந்த வரலாறு. ஓர் ஊர் இழந்ததை மற்றோர் ஊர் ஏற்றுக் காத்தது.

காக்கும் அக்கடமை இந்நகரில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்து எளியோர் குடியிருப்புகளைத் தாக்கிற்று. 2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற, அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது.

இத்தகைய வேளைகளில் நிதி திரட்ட முன்வருவோருக்கு இரக்கம் குறைவதில்லை, குறைவது திட்டமே. முதல் வாரத்தில் உணவுப் பொட்டலங்களும் பழந்துணிகளும் குவியும். மூன்றாம் வாரத்தில் கதவைத் தட்ட ஆளிராது. துன்பமோ அப்போதும் தீர்ந்திராது.

இதற்குரிய திட்டத்தை முன்னோர் என்றோ வகுத்தளித்துள்ளனர். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானமே அது. முதல் சில நாள்களுக்குச் சமைத்த உணவு, குடிநீர், பால் ஆகியன ஆகார தானம். பாதுகாப்பான கூடம், பாய், போர்வை, இரவில் துணை ஆகியன அச்சம் நீக்கும் அபய தானம். வெள்ளம் வடிந்த பின்னரே எலிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தலைதூக்கும். அப்போது வேண்டுவது ஔடத தானம். இறுதியாக, நீரில் ஊறிய பாடநூல்களுக்கு ஈடாக நூல்களும் குறிப்பேடுகளும் வழங்குதல் சாத்திர தானம். 2015இல் இழந்த சான்றிதழ்களுக்கு மாற்றுப்படி வழங்க அரசே சிறப்பு முகாம்கள் நடத்தியது. விண்ணப்பம் எழுதித் தர ஒருவர் உடன் சென்றாலும் அதுவும் இவ்வகை உதவியே. ஆகவே திரண்ட நிதியைத் தொடக்கத்திலேயே நான்கு பங்காக்குதல் வேண்டும். நான்காம் பங்கை முதல் வாரத்தில் தொடுதல் ஆகாது.

நால்வகைத் தானம் துறவியர்க்கு உரியதன்றோ என்னும் ஐயம் எழலாம். பாத்திர தானம் தகுதியைப் பார்க்கும். கருணா தானம் துன்பம் ஒன்றையே பார்க்கும். அங்கே குலமும் சமயமும் கேட்பது முறையன்று.

நிதி திரட்டும் கூட்டம் எளியதாக அமைதல் நன்று. பொன்னாடைக்கும் மேடை அலங்காரத்துக்கும் ஆகும் செலவு நிதியிலேயே சேரட்டும். பகலில் தொடங்கிக் கதிரவன் மறையுமுன் நிறைவுற்றால் விரதியரும் உணவருந்தி இல்லம் திரும்பலாம். நிதிக்குத் தனி வங்கிக் கணக்கும், ஒவ்வொரு தொகைக்கும் ரசீதும் இன்றியமையாதவை. 80ஜி வரிச்சலுகை விரும்புவோர் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாக அன்றிக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ செலுத்துதல் வேண்டும். வரவு செலவு அடுத்த விழாவில் அனைவர் முன்னும் படிக்கப்படுதல் வேண்டும். கணக்குக் காட்டாத அறம் அடுத்த முறை கைகளை மூடச் செய்துவிடும்.

இறுதியாக ஒன்று. வரிசையில் நிற்பவர் நேற்றுவரை தம் வீட்டில் விருந்தினரை உபசரித்தவர். பையை நீட்டி அவர் முகத்தைப் படம் பிடிப்பது ஈகையன்று. வெகுளி, செருக்கு, வஞ்சம், உலோபம் என்னும் நான்கும் உயிரைப் பிணிக்கும் கஷாயங்கள். உலோபத்தைக் குறைக்கக் கொடுக்கச் சென்றவர் செருக்கைச் சுமந்து திரும்பலாமோ? மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம், கொடுத்தேன் என்னும் எண்ணத்தையும் கைவிடும்போதே நிறைவுறும்.

அடுத்த மழைக்காலம் வருமுன் அந்நிதிக்கு முதல் ரசீது எழுதப்படுமாக. ஜினதருமம் ஓங்குக!