வீட்டுத் தோட்டத்திற்கு மூடாக்கு

(செஞ்சி வட்டாரத்தில் நடைபெற்ற மகளிர் கூட்டம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் செஞ்சிக் கோட்டை, மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, 2025ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. காண வருவோர் மதிலையும் களஞ்சியத்தையும் கண்டு வியக்கின்றனர். எனக்கோ இராஜகிரியின் அடிவாரத்திலுள்ள செட்டிக்குளமும் சக்கரக்குளமுமே பெருவியப்பைத் தருகின்றன. பாறைகள் சூழ்ந்த இவ்வூரில் பெய்த மழையைக் காத்து வைக்காமல் வாழ இயலாது என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

வீட்டுக் கொல்லையில் குளம் வெட்ட இடமில்லை. ஆயினும் மண்ணே நீரைத் தாங்கி நிற்கும். வெயில் அதனை உறிஞ்சாதபடி ஒரு போர்வை இட வேண்டும். அதுவே மூடாக்கு. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய கோ. நம்மாழ்வார் (1938–2013) வலியுறுத்திய முறைகளுள் இதுவும் ஒன்று.

இங்கே என் பிழையொன்றைக் கூறிவிடுகிறேன். முன்னர் வேறோர் ஊரில் பணியாற்றியபோது, தூய்மைப் பணியில் கொண்ட ஆர்வத்தால், கொல்லைச் சருகுகளையெல்லாம் கூட்டிக் கொளுத்தும்படி நானே சொன்னேன். கோடையில் அதே கொல்லைகளைச் சென்று கண்டேன். மண் வெடித்துக் கிடந்தது. காலையில் பெண்கள் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிய நீர் மாலைக்குள் மறைந்தது. “கொளுத்தச் சொன்னீர்களே ஐயா, தண்ணீருக்கு வழி சொல்லுங்கள்” என்று ஒரு மூதாட்டி கேட்டார். அன்று என்னிடம் விடையில்லை. இன்று கூறுகிறேன்.

முதலில் களை நீக்கி, பாத்தியை நன்றாக நனையுங்கள். பிறகு சருகு, வைக்கோல், கரும்புத் தோகை, நம் வட்டாரத்தில் மிகுதியாகக் கிடைக்கும் மல்லாட்டைத் தோல் ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதனை மூன்று அங்குல உயரம் பரப்புங்கள். தண்டைச் சுற்றி மூன்று விரற்கடை இடைவெளி விடுங்கள். ஒட்டிக் குவித்தால் தண்டு அழுகும். நாற்று ஒரு சாண் வளர்ந்த பின்னரே இடுங்கள். விதை பிடித்த களையும் நோயுற்ற செடியும் ஆகா. வைக்கோலை மண்ணோடு கலக்காதீர்கள். அது மட்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் பயிர் வெளிறும். வீட்டுச் சுவரை ஒட்டிப் பரப்பினால் கறையான் ஏறும். தேள், பாம்பு ஒதுங்கியிருக்கக் கூடுமாதலால், கை வைக்குமுன் குச்சியால் கிளறிப் பாருங்கள்.

மூடாக்கினால் நீர் ஆவியாவது குறையும், களை அடங்கும், மண் குளிரும். மட்கிய தழை எருவாகும். குறையக் குறைய மேலே இடுங்கள்.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. இரண்டு பாத்திகளுக்கு ஒரே அளவு நீர் விட்டு, ஒன்றை மட்டும் மூடுங்கள். மூன்றாம் நாள் இரண்டிலும் விரலை விட்டுப் பாருங்கள். எதில் ஈரம் நிற்கிறது என்று உங்கள் விரலே சொல்லும். அதுவரையில், கூட்டிய சருகுக்குத் தீ மூட்டாதிருங்கள் என்பதே என் வேண்டுகோள்.